நாலு மணிக் கப்பலுக்கு மூன்று கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிவஞானம் வலது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாலை நாலு மணிக்கு மெட்ராஸ் கப்பல். அதற்குள் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். மூன்று பேரும் போர்ட் பிளேரில்தான் இருந்தார்கள். விடுமுறை நாளில் போர்ட் பிளேரில் எங்கே இருந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஏழு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த திருச்சி மாற்றல், நேற்று மத்தியானம் தபால் மூட்டையோடு வந்து இறங்கியிருந்தது. வியாழக்கிழமை வர வேண்டிய கப்பல், கடல் சரியில்லாமல் சனிக்கிழமை வந்தது. வந்த கப்பலே இன்று திரும்புகிறது. அடுத்த கப்பல் பதினைந்து நாள் கழித்து. பத்து நாளுக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று உத்தரவின் கடைசி வரியில் தெளிவாக அடித்திருந்தார்கள். திருச்சிக்கு வர எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது சிவஞானத்துக்குத் தெரியும். அந்த வரிசையில் ஏழு வருஷம் நின்றவர் அவர்.

கையெழுத்து எல்லாம் ஒரே தாளில்தான். கட்டிலும் நாற்காலியும் ஹரிக்கேன் விளக்கும் திரும்பி வந்துவிட்டன என்று ஸ்டோர் கீப்பர் வியாகுலம் போட வேண்டும். வீட்டைக் காலி செய்கிறார் என்று குவார்ட்டர்ஸ் பொறுப்பில் இருக்கும் மண்டல் பாபு போட வேண்டும். இந்த மனிதரை விடுவித்துவிட்டேன் என்று சூப்பரிண்டெண்ட் திருநாவுக்கரசு போட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் திருச்சியில் போய் நின்றால் அவரை வாசலில் வந்து நிற்கும் மனுதாரராகத்தான் நடத்துவார்கள்.

“சாவகாசமா எல்லாரையும் பாத்துட்டு வாங்க” என்றாள் நீலாவதி, செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தபடி. “ஏழு வருஷம் பழகினவங்க.”

“சாவகாசமாவா? நீ மூட்டையைக் கட்டி வை. மூணரைக்கு வண்டியோட வந்து நிப்பேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். முந்தின நாள் சாயங்காலமே நாலு வீடு போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். கப்பல் ஏறுகிறவர்கள் அப்படி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம். சிவஞானம் போகவில்லை. அவர் ஒரு டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை அதுதான். மேஜை வாங்கலாம் என்று நீலாவதி சொன்ன போதெல்லாம் “இங்கேயா இருக்கப் போறோம்?” என்பார் சிவஞானம். சுவருக்கு ஆணி அடிக்க வேண்டுமா, வாசலில் முருங்கை வைக்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகிற கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகலாமா, எதற்கும் அதே பதில். எதிரே தெரியும் ராஸ் தீவுக்குக்கூட அவர் போனதில்லை. கல்யாணமான கையோடு இங்கே வந்து இறங்கியபோது ஜெட்டியில் நின்று நீலாவதி தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையை அவர் மறக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு மனு, எல்லாவற்றிலும் ‘இத்தீவின் தட்பவெப்பம் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதினார். நடுவில் நீலாவதி எட்டு கிலோ ஏறியிருந்தாள். அதை மனுவில் குறிப்பிடவில்லை.

வியாகுலத்தின் வீடு அபர்தீன் ஜெட்டிக்குப் பக்கம். தூத்துக்குடிக் கடற்கரை மனிதர், ஸ்டோர் வேலைக்கு வந்தும் கடலை விடாதவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலையைத் தொட மாட்டார், கோயிலுக்குப் போய்விட்டு வந்து தூங்குவார். அதை நம்பித்தான் சிவஞானம் முதலில் அங்கே போனார்.

“பூச முடிஞ்சதும் கடலுக்குப் போயிட்டாவ சார்” என்றாள் வியாகுலத்தின் மனைவி கிரேசி. “ராஸ் பக்கந்தான். எந் தம்பி தோணியோட நிக்கான், ஏறிக்கிடுங்க.”

காத்திருந்தால் மத்தியானம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுச் சிவஞானம் தோணியில் ஏறினார். அதுதான் அன்றைய முதல் தவறு. பாதி வழியில் வியாகுலத்தின் தோணி தெரிந்தது. இவர் கையை ஆட்டினார். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டுத் தீவின் அந்தப் பக்கம் போய் மறைந்தார். துரத்திக்கொண்டு போய், கடைசியில் ராஸ் தீவில் இறங்கும்படி ஆயிற்று.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மாளிகைகளைப் பார்த்துச் சிவஞானம் அங்கே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டார். மாதா கோயில் சுவரை ஆலம்வேர் மொத்தமாகப் பிடித்து வைத்திருந்தது. ரொட்டி சுட்ட கட்டடத்துக்குள்ளிருந்து இரண்டு புள்ளிமான்கள் இவரை எட்டிப் பார்த்துவிட்டு, முக்கியமான ஆளில்லை என்று முடிவு செய்து மறுபடியும் புல்லைத் தின்னப் போயின. வியாகுலம் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டி, இது நடன மண்டபம், இது டென்னிஸ் ஆடிய இடம் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சிவஞானம் தாளை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

“போட்டுருதேன் சார். சீல் வீட்டுலல்லா இருக்கு” என்றார் வியாகுலம்.

வீட்டுக்கு வந்ததும் சீல் உடனே கிடைத்தது. ஆனால் அதற்குள் கிரேசி இலை போட்டுவிட்டாள். மணி பத்தரைகூட ஆகவில்லை. சாப்பிடாமல் போனால் கையெழுத்து இல்லை என்று வியாகுலம் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்தாலும் சீலைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சிவஞானம் வேக வேகமாகச் சாப்பிட்டார். வேகமாகச் சாப்பிடுகிறவருக்குப் பசி அதிகம் என்று கிரேசி நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சீலா மீன் குழம்புக்குப் பிறகு நண்டு வந்தது. நண்டை யாரும் வேகமாகச் சாப்பிட முடியாது.

பதினொன்றேகாலுக்குப் பேனாவால் கையெழுத்தும் அதன் மேல் சீலுமாக முதல் வேலை முடிந்தது. மண்டல் பாபு குடும்பத்தோடு கார்பின்ஸ் கோவுக்குப் போயிருப்பதாக வியாகுலம் தாமாகவே சொன்னார். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. அந்த நேரத்தை மிச்சப்படுத்தச் சிவஞானம் வியாகுலத்தின் சைக்கிளை இரவல் வாங்கினார்.

சைக்கிளில் குறையொன்றும் இல்லை, பிரேக்கைத் தவிர. அது தெரிந்தது கார்பின்ஸ் கோவுக்கு இறங்கும் சரிவில். தென்னை மரங்களுக்கு நடுவே மண்டல் பாபுவின் குடும்பம் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது. சிவஞானம் மணியை அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார். மணல் கொஞ்சம் தடுத்துப் பார்த்தது. சைக்கிள் நின்றபோது முன் சக்கரம் கடலுக்குள் இருந்தது. சிவஞானம் அதற்கும் முன்னால் இருந்தார்.

பையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். வியாகுலத்தின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீல மேகம் இருந்தது. சீல் மட்டும் மங்கலாக மிச்சம். வாழ்க்கையில் தனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்று அவருக்கு அழுகையே வந்தது.

“ஆவோ தாதா, பைட்டோ” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார் மண்டல் பாபு. கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர். ஒரு தாள் நனைந்ததற்கெல்லாம் அவர் பதறுவதாக இல்லை. ஈரத் தாளில் எழுதினால் கிழியும், காயட்டும் என்றார். தாளைப் பாறை மேல் விரித்து நாலு மூலையிலும் நாலு சங்கை வைத்தார். சட்டையைத் தென்னங்கீற்றில் தொங்கவிட்டார். தாளும் சட்டையும் காயும் வரை மனிதன் சும்மா நிற்கக் கூடாதல்லவா, மண்டலின் பிள்ளைகள் சிவஞானத்தைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழு வருஷம் தீவில் இருந்தவர் அன்றுதான் முதன்முதலாகக் கடலில் குளித்தார். முதல் அலை வந்தபோது கப்பலை நினைத்தார். மூன்றாவது அலையில் கத்தினார். பத்தாவது அலைக்கு மண்டலின் சின்னப் பெண் அவர் தோள் மேல் உட்கார்ந்திருந்தாள். கரைக்கு வந்தபோது மண்டலின் மனைவி ஒரு தட்டு நிறையச் சோறும் கடுகு அரைத்த மீனும் வைத்து நீட்டினாள். வயிற்றில் இன்னும் நண்டு இருந்தது. ஆனாலும் சாப்பிட்டார், அதுவும் ருசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

மணி ஒன்றரை. மண்டல் பாபு காதில் சொருகியிருந்த, எச்சில் பட்டால் மை போல எழுதும் காப்பி பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்து அழிந்ததற்குத் திரும்ப வியாகுலத்திடம் போக வேண்டாம், சூப்பரிண்டெண்ட் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்றும் வழி சொன்னார். அது நல்ல யோசனையாகத் தோன்றியது. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, தேங்காய் ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு டெலானிப்பூர் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சூப்பரிண்டெண்ட் திருநாவுக்கரசு வராந்தாவில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு ரம் பாட்டில், இரண்டு கண்ணாடித் தம்ளர். அவர் தனிக்கட்டை. இன்னொரு தம்ளர் யாருக்கு என்று யோசிக்கச் சிவஞானத்துக்கு நேரமில்லை.

“வாய்யா சிவஞானம். உக்காரு. அங்க போனா மதுவிலக்கு. ஒரு சொட்டு கெடைக்காது தெரியுமில்ல?”

தனக்குப் பழக்கமில்லை என்று சிவஞானம் சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாதவனுக்கு அங்கே போய்ப் பழகவும் முடியாது என்றார் திருநாவுக்கரசு. வாதாடினால் நேரம் போகும். ஒரே மடக்கில் குடித்துவிட்டால் தாளை எடுக்கலாம் என்று சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒரே மடக்கில் குடிக்கிறவனைத் திருநாவுக்கரசு அன்றுதான் பார்த்தார். மரியாதையோடு இரண்டாவது ஊற்றினார்.

பிறகு தாளை வாங்கினார். திருநாவுக்கரசு எதைக் கொடுத்தாலும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டதில்லை. அலுவலகத்தில் ஒருமுறை கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர். நீல மேகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இது செல்லாது, புதிதாக ஒன்று எழுதி மண்டல் கையெழுத்திருக்கும் இந்தத் தாளோடு சேர்த்துக் குத்துவோம், வியாகுலத்துக்காக நானே சான்று சொல்கிறேன் என்றார். சிவஞானம் எழுதினார், அவர் திருத்தினார். சிவஞானம் நல்ல பிரதி எடுத்தார், அவர் அதையும் திருத்தினார்.

“விடுவித்தது முற்பகலா பிற்பகலா?” என்று கேட்டார்.

மணி மூன்றாகப் போகிறது, பிற்பகல்தான் என்றார் சிவஞானம். ஞாயிற்றுக்கிழமையில் ஒருத்தரை விடுவிக்க விதியில் இடம் உண்டா என்று சூப்பரிண்டெண்டுக்குச் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் என்று போடலாம், ஆனால் மண்டலின் கையெழுத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருந்தது. திங்கட்கிழமை முற்பகல் என்றால் விதிப்படி சுத்தம், ஆனால் அப்போது சிவஞானம் நடுக்கடலில் இருப்பார், நடுக்கடலில் இருக்கிறவரைப் போர்ட் பிளேரில் எப்படி விடுவிப்பது? இரண்டு பேரும் இதைப் பற்றி இன்னொரு தம்ளர் வரை யோசித்தார்கள். சிவஞானத்தின் கால் ஸ்டூலுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தை அவர் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். பார்த்ததையே மறந்து மறுபடியும் பார்த்தார்.

“ஏழு வருஷத்துல உன் ஃபைல்ல ஒரு எடத்துலகூட நான் பிழை பாத்ததில்லைய்யா” என்றார் திருநாவுக்கரசு திடீரென்று. “அடுத்து வர்றவன் எப்படியோ.”

அவர் கண் கலங்கியிருந்தது. ரம்மா, நிஜமா என்று தெரியவில்லை. சிவஞானம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இந்த மனிதர் தன்னை விரட்டத் துடிப்பதாகத்தான் ஏழு வருஷமும் நினைத்திருந்தார்.

கடைசியில் ‘ஞாயிறு பிற்பகல், விடுமுறையாயினும்’ என்று எழுதிக் கையெழுத்து விழுந்தபோது மணி மூன்று இருபது. தன் ஜீப்பையே கொடுத்து, வீட்டுக்குப் போய் நீலாவதியையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குப் போகும்படி டிரைவரிடம் சொன்னார். வீட்டுக்கு ஐந்து நிமிஷம், ஜெட்டிக்குப் பத்து நிமிஷம். தாராளமாகப் பிடித்துவிடலாம். சிவஞானம் ஜீப்பில் ஏறித் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மூன்று கையெழுத்தும் இருந்தன, அதில் இரண்டு ஒரே ஆளுடையது.

மேட்டின் வளைவில் திரும்பும்போது கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. சாத்தம் பாலம், மரம் அறுக்கும் மில்லின் புகை, ஜெட்டியில் வெள்ளையாகக் கப்பல், அதற்கப்பால் பச்சை மலை. தினமும் அலுவலகத்துக்குப் போகிற வழிதான். தினமும் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார். டிரைவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

காலையில் தோணியில் போன தண்ணீர் எது என்று தேடினார். அது தெரியவில்லை, மேட்டுக்கு அந்தப் பக்கம் போலிருக்கிறது. உப்பு காய்ந்து கை சொரசொரவென்று இருந்தது. வாயில் கடுகின் காரம் இன்னும் இருந்தது. திருச்சியை நினைத்துப் பார்த்தார். அண்ணன் வீட்டில் பதினொரு பேர், ஒரே சமையலறை, அதில் அண்ணியின் குரல். அந்த வீட்டுக்குப் போகத்தான் பதினாலு மனு எழுதியிருக்கிறார்.

“சலேங்கே சாப்?” என்றார் டிரைவர், போகலாமா என்று.

“ஏக் மினிட்” என்றார் சிவஞானம்.

டிரைவர் பீடியைப் பற்ற வைத்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் ஏக் மினிட் என்றார். மூன்றாவது முறை டிரைவர் கேட்கவில்லை. தனக்குப் போகப் பிடிக்கவில்லை என்பது சிவஞானத்துக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். கப்பல் நீளமாக ஊதியது. ஏணியை மேலே இழுப்பது இங்கிருந்தே தெரிந்தது. மெட்ராஸ் கப்பல் மெதுவாக ஜெட்டியை விட்டு விலகித் திரும்பி, துறைமுகத்தின் வாய்க்கு வெளியே போய்ச் சின்னதாகும் வரை பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நீலாவதி ஞாபகம் வந்தது.

ரம் மொத்தமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கப்பல் ஊதியது அவளுக்கும் கேட்டிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன் ஜெட்டியில் அழுததைவிடப் பெரிதாக அழப்போகிறாள். அம்மா ஊருக்குப் போகும் கனவில் இருந்தவளை ஒரு மலை வளைவில் நின்று வேடிக்கை பார்த்தே கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஜீப்பை அனுப்பிவிட்டு நடந்தார். வழியெல்லாம் பொய் தேடினார். ஜீப் பஞ்சர் என்று சொல்லலாம், ஆனால் டிரைவர் பஜாரில் எல்லாரிடமும் பேசுகிறவர். சைக்கிள் மேல் பழியைப் போடலாம், சட்டையில் மணல் சாட்சி இருக்கிறது. இல்லை, சூப்பரிண்டெண்ட் விடவில்லை என்பதே நல்லது, முக்கால்வாசி உண்மை. அதைக் கொஞ்சம் கோபத்தோடு சொல்லிப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு சொல்லிப் பார்த்தார். இரண்டும் தனக்கே நம்பும்படி இல்லை.

தெரு முனைக்கு வந்தபோது மணி ஐந்து. வீட்டு வாசலில் மூட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை. அடுப்பங்கரையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. கதவைத் திறக்கத் துணிச்சல் இல்லாமல் படலுக்கு வெளியிலேயே நின்றார்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. பால்காரர் அப்பண்ணா கேனோடு வந்து இறங்கினார். ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்து குடியேறியவர், எல்லா மொழியும் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். இவரைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பாலை அளக்கும் குவளையைக் கழுவத் தொடங்கினார்.

சிவஞானத்துக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாதா?

“அப்பண்ணா, நாங்க இன்னிக்கு மெயின்லாண்ட் போறதா இருந்தோமே. உனக்கு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க சாப்” என்றார் அப்பண்ணா, குவளையை உதறியபடி. “சார் நாளைக்குக் கப்பலை விட்டுடுவாரு, பால் எப்பவும் போல ஊத்துன்னு அம்மா நேத்து சாயங்காலமே வியாகுலம் சார் வீட்டுல வச்சே சொல்லிட்டாங்க.”